பாக்கெட்டுக்குள் பதினான்கு சொடுக்கு

என் தம்பிக்கு நான்கு பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையை எங்கள் சொந்தத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினோரு வயது வரைக்கும் அவன் குண்டன். அதற்கப்புறம் நூலு. குண்டன் நூலு ஆனது இரண்டே மாதத்தில்.

அந்த இரண்டு மாதமும் பிள்ளை குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தான். வகுப்பில் நிமிஷத்துக்கொரு தடவை ஒன்றுக்கு எழுந்து போக, வாத்தியார் சலித்துப்போய், "நீ வாசல் பக்கமே உட்காருடா" என்று சொல்லிவிட்டாராம். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னோம். வளர்கிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும் என்றார் எங்கள் பெரிய அண்ணன். வயிற்றில் பூச்சி இருக்கும் என்றாள் அண்ணி. பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டு நாளைக்கு நாலு தடவை கொடு, தெம்பு வரும் என்று சொன்னது நான். பெற்றவள் பாவம், நாத்தனார் சொல்லைத் தட்டாதவள். கொடுத்தாள். நான்காம் நாள் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை அடித்தது. சாறுதான் மணக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது.

மூன்று நாள் கழித்துக் கண் விழித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தம்பியை உட்காரவைத்துச் சொன்னார்: "இது வயசானவங்களுக்கு வர்ற சர்க்கரை மாதிரி இல்ல. இன்சுலின்னு ஒண்ணு எல்லார் உடம்புலயும் தானா சுரக்கும். உங்க பையனுக்கு அது நின்னு போச்சு. வெளியிலேர்ந்து ஊசியாத்தான் போடணும்."

"எத்தன நாளைக்கு டாக்டர்?"

"அவன் இருக்கற நாள் வரைக்கும்."

அந்தப் பழச்சாறு யோசனை என்னுடையது என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. நூலுவே இன்றைக்கும் என்னைக் கண்டால், "அத்தை வந்துட்டாங்க, பழத்தையெல்லாம் உள்ள எடுத்து வைங்க" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நான்தான் சேர்ந்து சிரித்ததில்லை.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அவனுடைய தாய்மாமன் தையற்கடை வைத்திருந்தார், அங்கே போய்ச் சேர்ந்தான். தைக்கிறதைவிட வெட்டுகிறது அவனுக்கு வாய்த்தது. துணியை விரித்து, ஒரு கண்ணை இடுக்கி, சாக்பீஸால் ஒரே இழுப்பில் தோள்வளைவு போடுவான். அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. "பேரு வச்சது வீண்போகல" என்பார் மாமன்.

இருபத்திரண்டு வயதில் பெரிய தையற்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். ஒருநாள் பழைய ஊசி ஒன்று குப்பைத்தொட்டியில் கிடந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். போதைக்காரன் என்று பேச்சுக் கிளம்பியது. முதலாளி அவனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துச் சட்டைக்கையைச் சுருட்டச் சொன்னார். கையில் ஒன்றும் இல்லை. அவன் தொடையில் போடுகிறவன். அதை அத்தனை பேர் முன்னால் எப்படிக் காட்டுவான்? என் தம்பி மறுநாள் போய் விவரம் சொன்னான். "அப்படியா, வியாதியா? வியாதிக்காரனுக்கு மெஷின் பக்கத்துல என்ன வேலை?" என்று கேட்டார்களாம். இந்தக் கதவும் சாத்திக்கொண்டது, அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் நேரே தையல்பெட்டியைத் திறந்தான். தன்னுடைய கால்சட்டைகளையெல்லாம் எடுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றிலும் வலது பாக்கெட்டின் உள்துணியில், தொடையை ஒட்டுகிற பக்கம், இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீறலின் ஓரம் பிரியாதபடி பொத்தானுக்குக் காஜா எடுப்பதுபோல நெருக்கித் தைத்தான். கையைப் பாக்கெட்டில் விட்டால் நேராகத் தொடை கைக்கு வரும். அப்போது பேனா மாதிரியான இன்சுலின் ஊசி வந்துவிட்டது. பேனாவின் அடியைத் திருகினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று ஒரு சொடுக்குக் கேட்கும், விரலுக்கும் தெரியும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். யாரோடாவது பேசிக்கொண்டே, பாக்கெட்டுக்குள் கையை விட்டு, சொடுக்கை எண்ணித் திருகி, கீறல் வழியாகக் குத்தி, பத்து எண்ணி, கையை வெளியே எடுத்துவிடுவான். பக்கத்தில் நிற்கிறவருக்கு, சாவியைத் துழாவுகிறான் என்று தோன்றும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நூலு பதினெட்டு வருஷம் மறைத்தான்.

இப்போதிருக்கும் வேலை ஆஸ்பத்திரிக் கோட்டு, பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில். கட்டிங் மாஸ்டர். மேஜை இருபதடி நீளம். அதன்மேல் நாற்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல்துணியில் கோடு போட்டு, இடது கையால் துணியை அமுக்கிப் பிடித்து, நின்றபடி ஓடுகிற மின்சாரக் கத்தியை வலது கையால் நகர்த்தி வெட்டுவான். இடது கையில் இரும்புவலைக் கையுறை. ஒரு விரல்கடை தப்பினால் நாற்பது சட்டை பாழ். அந்த மேஜை ஓரத்தில் நிற்கும்போதுதான் தான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று தோன்றும் என்று அவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

மனைவி தபால் பிரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். "எங்க வீட்டுல தட்டு வைக்கறதுக்கு முன்னாடி கணக்கு வைக்கணும் அத்தை" என்பாள். வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் வைத்து எண் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற ஊசி ஒன்று காலையில். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் சட்டென்று வேலை செய்கிற ஊசி. எத்தனை துண்டு ரொட்டி, எத்தனை கரண்டி சோறு என்று பார்த்து அதற்குத் தக்கபடி யூனிட். அதிக வேலை செய்கிற நாளில் குறைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டும். சர்க்கரை கூடினால் கண்ணும் சிறுநீரகமும் கெடும். குறைந்தால் கை நடுங்கி, வியர்த்து, புத்தி மங்கும். குறைந்தால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். கயிற்றின்மேல் நடக்கிறவனாவது அந்தக் கரைக்குப் போனதும் இறங்கிவிடுவான். இவனுக்கு இறங்குகிற கரை இல்லை.

இனிப்புக்காகக் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருப்பான். வெள்ளை வெளேரென்று, தேய்ந்த சாக்பீஸ் துண்டு மாதிரியே இருக்கும். அதனால் சாக்பீஸ் டப்பாவிலேயே ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தான். தலை கிறுகிறுத்தால், கோடு போடப் போகிறவன் மாதிரி டப்பாவைத் திறந்து இரண்டை வாயில் போட்டுக்கொள்வான். பார்த்தவர்கள் பார்த்தார்கள். கூடத்தில் இருபத்தாறு பேருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு: மாஸ்டர் சாக்பீஸ் தின்பார்.

பக்கத்து மெஷினில், துணியின் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தைக்கிற அக்கா ஒருத்தி. எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளியம்மாவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவள் நூலுவைத் தனியாக அழைத்து, "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. என் சின்ன நாத்தனாரும் மாசமா இருந்தப்ப சாம்பல் தின்னா. பிள்ள பொறந்ததும் விட்டுட்டா. உங்களுக்கு எப்ப விடும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது ஒரு பழக்கம்கா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

போன வருஷம் கண் டாக்டர், கண்ணுக்குப் பின்னால் சின்னச் சின்ன ரத்தப்புள்ளிகள் தெரிவதாகச் சொன்னார். பார்வை இன்னும் கெடவில்லை. ஆனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று ஒரு பரிசோதனை உண்டு, அது அவனுக்குப் பத்தைத் தாண்டி நின்றது. "இதை இறக்கலேன்னா கண் தாங்காது" என்றார் டாக்டர். வெட்டுகிறவனுக்குக் கண் போனால் மேஜையும் போயிற்று. நூலு பயந்துபோனான். யூனிட்டைக் கூட்டினான். மத்தியானத்துக்கு எட்டு போட்டுக்கொண்டிருந்தவன் பத்து போட்டான், பன்னிரண்டு போட்டான், பதினான்கில் வந்து நின்றான். ரொட்டித்துண்டை எண்ணியது போதாதென்று தராசு வாங்கி நிறுத்தான். பலன் இல்லை. போட்ட இன்சுலின் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கும், சாயங்காலம் பார்த்தால் முந்நூறு. இன்னொரு நாள் அதே சாப்பாடு, அதே பதினான்கு, ஆனால் மூன்று மணிக்குக் கை நடுங்கும், சாக்பீஸ் டப்பாவைத் தேடுவான்.

"நான் என்ன திருடியா தின்னேன்?" என்று மனைவியிடம் ஒருநாள் கேட்டான். அன்று காலையில்தான் அவனுடைய சட்டைப்பையில் பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று அவள் தட்டிப் பார்த்திருந்தாள். அதை அவன் பார்த்துவிட்டான். மூன்று நாள் தன் தட்டுக்குத் தானே நிறுத்துப் போட்டுக்கொண்டான்.

பிறகு அவளேதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஊசி போடச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அவர் நோட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கடைசியில், "எங்க போடறீங்க, காட்டுங்க" என்றார்.

நூலு தயங்கினான். மனைவி, "காட்டுங்க, உங்க அழகைப் பாக்கவா கேக்கறாங்க?" என்றாள்.

திரைக்குப் பின்னால் போய்க் காட்டினான். வலது தொடையின் வெளிப்பக்கம், ரொட்டித்துண்டை உள்ளே வைத்துத் தைத்தாற்போல ஒரு தடிப்பு. இரண்டு விரல் நீளம். ஓரம் கூட நேராக இருந்தது.

நர்ஸம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். "இங்க குத்தினா வலிக்குதா?"

"வலிக்காது. அதனாலதான் வீட்டுலயும் இங்கயே போடறேன்."

"செத்த தோல் எப்படி வலிக்கும்? எத்தனையோ பேருக்குத் தடிப்பு பாத்திருக்கேன். இப்படிக் கோடு போட்டு அளவெடுத்த மாதிரி பாத்ததில்ல. என்ன வேலை பண்றீங்க?"

சொன்னான். பாக்கெட் கதையையும் சொன்னான். மனைவிக்கே அன்றைக்குத்தான் அது தெரியும். பதினான்கு வருஷமாக அவனுடைய கால்சட்டையைத் துவைக்கிறவள், பாக்கெட் கிழிந்திருக்கிறது என்று நினைத்து இரண்டைத் தைத்துக்கூட வைத்திருக்கிறாள். அவன் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டான்.

"ஒரே இடத்துல நூறு தடவ தச்சுப் பிரிச்சா துணி என்ன ஆகும் மாஸ்டர்?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"நைஞ்சு தடிச்சுப் போகும். தையல் பிடிக்காது."

"அதேதான். அந்தத் தடிப்புக்குள்ள போட்டா மருந்து ரத்தத்துல சேராது. சேர்ந்தா ஒரேயடியா சேரும். நீங்க தின்னதுல தப்பு இல்ல, குத்தின இடந்தான் தப்பு. இனிமே இங்க தொடவே கூடாது. வயிறு, அந்தப் பக்கத் தொடை, இடுப்புன்னு மாத்தி மாத்திப் போடுங்க. ஆனா ஒண்ணு, நல்ல தோல்ல மருந்து முழுசா வேலை செய்யும். பதினாலு போட்டா ஆளைச் சாய்ச்சுடும். மத்தியானத்துக்கு ஒன்பதுலேர்ந்து ஆரம்பிங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

வெளியே வந்ததும் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட் தூளுக்கு மன்னிப்புக் கேட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் அப்படித்தான் சொன்னான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வயிற்றில் போட்டான். பேனாவில் தெரிகிற எண்ணைக் கண்ணால் பார்த்து, ஒன்பது வைத்து. சர்க்கரை சொன்னபடி கேட்டது. வருஷக்கணக்கில் பார்க்காத எண்ணையெல்லாம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். வலது பாக்கெட் கீறலையெல்லாம் மூடித் தைத்தான். இடது பாக்கெட்டில் புதிதாகக் கீறினான். இடத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றியாயிற்று. ஒளிக்கிறதை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே.

திங்கட்கிழமை அவசர ஆர்டர். ஆஸ்பத்திரிக் கோட்டு, வெள்ளைத்துணி நாற்பது அடுக்கு. சாப்பாட்டு மணி அடித்த சமயம் முதலாளியம்மா மேஜைக்கு வந்து, "மாஸ்டர், கோட்டுக் கை எல்லாம் இன்னைக்கே வெட்டி முடிஞ்சுடுமா?" என்று பேச்சுக் கொடுத்தார். நூலு இடது கையைப் பாக்கெட்டில் விட்டான். "முடிஞ்சுடும்மா, நாலு மணிக்கு" என்று பதில் சொல்லிக்கொண்டே திருகினான். மூளைக்கு ஒன்பது என்று தெரியும். ஆனால் சொடுக்கை எண்ணுகிறது மூளை இல்லை, விரல். விரல் தனக்குப் பழகின பாட்டைப் பாடியது. பதினான்கு. நல்ல தோலில், முழுசாக.

இரண்டு மணிக்குக் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வெட்டும்போது ஓவர்லாக் அக்கா காதாலேயே கவனிப்பாளாம், வளைவில் சத்தம் மெலியும், நேர்க்கோட்டில் ஏறும். அன்றைக்கு வளைவு வரவேண்டிய இடத்தில் சத்தம் மெலியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கத்தி கோட்டைவிட்டு விலகி, கோட்டுக் கையின் தோள்வளைவைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கையுறை கழன்று மேஜைமேல் கிடந்தது.

"மாஸ்டர், கோட்டை விட்டுப் போறீங்க."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். கை நிற்கவில்லை.

"மாஸ்டர்."

இன்னும் சிரித்தான். அவள் எழுந்து ஓடி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். கத்தி நின்ற இடத்துக்கும் அவன் இடது கட்டைவிரலுக்கும் ஒரு சாண் இடைவெளி என்று அவள் சொல்கிறாள். அவன் முழம் என்கிறான். நான் அவள் சொல்வதைத்தான் நம்புகிறேன்.

தேய்ப்புக்காரர் இஸ்திரியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "என்னாச்சு, குடிச்சிருக்காரா?"

"டீயவே சர்க்கரை இல்லாம குடிக்கற ஆளு. இவர் எங்க குடிக்கப் போறாரு?" என்று அக்கா அவனை உட்காரவைத்தாள். நூலுவுக்கு நாக்கு எழவில்லை. கை மட்டும் சாக்பீஸ் டப்பாவைத் தேடி மேஜையைத் துழாவியது. அக்கா டப்பாவை வெடுக்கென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "இந்தக் கண்றாவியத் தின்னு தின்னுதான் இப்படி ஆயிருக்கீங்க. இன்னைக்கு ஒரு துண்டு தரமாட்டேன்."

தன் கையால் தன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் ஆனான் எங்கள் பிள்ளை. மருந்து எது என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவனால் சொல்ல முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், கால் மடங்கியது. அந்த அசைவில் இடது பாக்கெட்டிலிருந்த பேனா, புதுக்கீறல் வழியாக நழுவி, கால்சட்டைக்குள்ளேயே இறங்கி, செருப்பின்மேல் விழுந்தது.

தேய்ப்புக்காரர் குனிந்து எடுத்தார். "இது சர்க்கரை வியாதிக்கு போடறது. எங்க மாமியார்கிட்ட இருக்கு. மாஸ்டருக்கு சர்க்கரையா? அப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க, இனிப்பு மட்டும் கண்ணுல காட்டிடாதீங்க."

அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து மோந்தாள். சாக்பீஸ் எங்கேயாவது ஆரஞ்சுப்பழ வாசனை அடிக்குமா? நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"இது சாக்பீஸ் இல்ல. இனிப்பு."

"கொன்னுடாதீங்கக்கா. குடுக்காதீங்க."

"ரெண்டு வருஷமா இதத்தான் தின்னுட்டு, கொஞ்ச நேரத்துல எழுந்து வேலை பாத்தாரு. இப்பவும் இதத்தான் கேக்கறாரு. வியாதி உங்க மாமியாருக்கா, இவருக்கா?"

தேய்ப்புக்காரர் வழிவிட்டு நின்றார். அக்கா ஒவ்வொன்றாக நான்கு மாத்திரையை அவன் வாயில் போட்டு, மென்று தின்னச் சொன்னாள். மென்றான். கால் மணி நேரத்தில் அவன் கண் தெளிந்தது. தானே பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து விரலைக் குத்திக்கொண்டான். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழேயே ஆபத்து. மாத்திரை தின்ற பிறகே அதுவென்றால் முன்னால் என்னவாக இருந்திருக்கும் என்று பார்க்காமல்போனதே நல்லது. இன்னும் நான்கு மாத்திரை, பிறகு ரொட்டி. கூடமே சுற்றி நின்று அவன் தின்பதைப் பார்த்தது. பதினெட்டு வருஷம் ஒளித்தது ஒரு மத்தியானத்தில் வெளுத்துப்போயிற்று.

முதலாளியம்மா வந்தார். பாழான துணியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா நீங்க வேலை குடுத்திருக்க மாட்டீங்க" என்றான் நூலு.

"குடுத்திருப்பேனோ மாட்டேனோ, அதச் சொல்ல நீங்க எனக்கு இடமே தரலையே மாஸ்டர். அக்கா பிளக்கப் பிடுங்கலேன்னா இப்ப நான் எதைப் பொறுக்கிட்டு இருப்பேன்?"

அவன் மேஜைமேல் கிடந்த கையுறையை எடுத்துக்கொண்டான்.

"டாக்டர் கடிதம் குடுக்கட்டும், கத்தி பிடிக்கலாம்னு. அது வரைக்கும் மேஜை உங்களுக்கு இல்ல. பேக்கிங்ல நில்லுங்க."

டாக்டர் உடனே கடிதம் தருவாரா? சராசரி இறங்கட்டும், சர்க்கரை திடீரென்று விழாமல் இருக்கட்டும், மூன்று மாதம் கழித்து வா என்றார். அந்த மூன்று மாதமும் நூலு அட்டைப்பெட்டியில் கோட்டுகளை மடித்து வைத்துக்கொண்டு நின்றான். வேறோர் ஆள் வந்து அவனுடைய மேஜையில் வெட்டினார். சாக்பீஸ் கோட்டை இரண்டு தடவை அழித்துப் போடுவாராம். "பாக்க முடியல அத்தை, திரும்பிக்கிட்டே நின்னேன்" என்றான் என்னிடம்.

ஆனால் அந்த மூன்று மாதத்தில்தான் அவன் உருப்படியாக ஒன்று செய்தான். காகிதத்தில் தன் வயிற்றுக்கு ஒரு படிவம் வெட்டினான், சட்டைக்கு வெட்டுவதுபோல. அதை நான்கு கட்டமாக்கி, வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் குத்துக்குக் குத்து ஒரு விரல் தள்ளி என்று குறித்துக்கொண்டான். ஊசியைச் சாப்பாட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து, பேனாவைக் கண்ணுக்கு நேரே பிடித்து எண் பார்த்துப் போட்டான். முதல்நாள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்காம் நாள் யாரும் கவனிக்கவில்லை. தேய்ப்புக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய் மாமியாரின் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் தடிப்பு. "மாமியார் இப்ப உங்களத்தான் கொண்டாடறாங்க மாஸ்டர். முப்பது வருஷத்துல என்னை ஒரு தடவகூடக் கொண்டாடல" என்றார்.

பாழான நாற்பது கோட்டுக் கையையும் நூலு தூக்கிப்போட விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கோட்டுப் பாக்கெட்டாக வெட்டிக் கொடுத்தான். அந்த ஆர்டருக்குப் பாக்கெட்டுத்துணி தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை. தன்னுடைய கால்சட்டைகளின் இடது பாக்கெட் கீறலை மூடித் தரும்படி மனைவியிடம் கொடுத்தான். அவளுக்குத் தையல் வராது. கோணல் மாணலாக, நண்டு ஓடினமாதிரி தைத்துக் கொடுத்தாள். அவன் பிரிக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து சராசரி எட்டேகால். எட்டுக்குள் வரவில்லையே என்று அவன் முகம் தொங்கியது. "பத்தரையிலேர்ந்து இங்க வந்திருக்கீங்க, இன்னும் இறங்கும்" என்றார் டாக்டர். கண்ணில் புள்ளி கூடவில்லை. குறையவும் இல்லை. கடிதம் கொடுத்தார்.

முதலாளியம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மேஜையைக் கொடுத்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: கத்தியை ஓட்டுகிறதுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை பார்த்து, அந்த எண்ணை மேஜை விளிம்பில் சாக்பீஸால் எழுத வேண்டும். நூறுக்குக் கீழே இருந்தால் கத்தி ஓடாது. பிளக் யார் கையில்? ஓவர்லாக் அக்கா கையில்.

போன வாரம் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவும் வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம், பெரிய அடுக்கு விரித்து, எல்லோரும் காத்திருக்க, நூலு விளிம்பில் எண்பத்தொன்று என்று எழுதினானாம்.

"பரவால்லக்கா, சாப்பிட்டுட்டேன், ஏறிடும். பிளக்கக் குடுங்க."

"ஏறட்டும், தர்றேன்."

"முதலாளியம்மா பாக்கறாங்க."

"பாக்கட்டும். நானும்தான் பாத்துட்டு இருக்கேன்."

வேறு வழியில்லாமல் டப்பாவைத் திறந்து, கூடமே பார்க்க இரண்டு மாத்திரையை வாயில் போட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான். தேய்ப்புக்காரர் கையை நீட்டி, "மாஸ்டர், எனக்கும் ஒரு சாக்பீஸ் குடுங்களேன்" என்றார். ஒன்று கொடுத்தான். இரண்டு பேரும் மென்றுகொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலு விரலைக் குத்தினான், எண்பத்தொன்றை அழித்து நூற்றுப் பதினாறு என்று எழுதினான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து போய், பிளக்கைச் சுவரில் மாட்டினாள்.